சாம்பிளில் சோறு இல்லை

1

போன வாரம் ஒருநாள் காலையில் என் போன் அடித்தது. எடுத்தால் மிகவும் பணிவான ஓர் ஆண் குரல். “மேடம், சாம்பிளுக்கு எப்போ வரீங்க?” என்று தெலுங்கில் கேட்டது.

ஹைதராபாத்தில் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வியை நாங்கள்தான் ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எங்களை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. போனைக் கையால் மூடிக்கொண்டு, கொல்லைப்பக்கம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“ஏனுங்க, நம்மளைச் சாம்பிளுக்குக் கூப்பிடறாங்க.”

“நாமதான அம்மிணி கூப்பிடோணும்?” என்றார் அவர். கையில் பாதி உரித்த தேங்காய். முகத்தில், தன் கடைக்கே தன்னை விருந்தாளியாகக் கூப்பிட்டது போன்ற குழப்பம்.

நாங்கள் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள். குஷாய்குடாவில் கீழ்த்தளத்தில் வீடு, இரண்டு தெரு தள்ளித் தகரக் கூரை போட்ட சமையல் கூடம். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து, இங்கே இருக்கும் பெரிய மின்னணுத் தொழிற்சாலையின் கேண்டீனுக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் கூட்டி வந்தபோது, என் வீட்டுக்காரர் பழனிசாமி சாம்பார் மாஸ்டராக வந்தார். பின்னாலேயே நான் வந்தேன். ஒப்பந்தக்காரர் போய்விட்டார், நாங்கள் தங்கிவிட்டோம். கல்யாணம், காதுகுத்து, கிருகப்பிரவேசம் என்று தமிழ்ச் சாப்பாடு கேட்கும் வீடுகளுக்கெல்லாம் இன்று சமைத்துப் போடுகிறோம்.

இதை வெளிநாட்டு வாழ்க்கை என்று சொன்னால் துபாயில் இருக்கும் என் தம்பி சிரிப்பான். விசா வேண்டாம், ஒரு ராத்திரி ரயில், அவ்வளவுதான். ஆனால் ஊரில் நீங்கள் எல்லாரும் எங்களை “ஆந்திராக்காரங்க” என்றுதான் சொல்கிறீர்கள். மாநிலம் பிரிந்து இது தெலங்கானா ஆன பிறகும் ஊர்க் கல்யாணங்களில் என்னைப் பார்த்தால், “ஆந்திராவிலிருந்து எப்ப வந்தே?” என்றுதான் கேட்கிறீர்கள். ஆகவே நானும் புலம்பெயர்ந்தவள்தான், எழுத எனக்கும் உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

2

சாம்பிள் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலை பார்த்தவர். விவசாயிகள் மூட்டையிலிருந்து ஒரு பை மஞ்சளைச் சாம்பிள் என்று கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா விரலி மஞ்சளை எடுத்துப் பட்டென்று ஒடித்து, உள்ளே நிறம் பார்ப்பார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அவர் கையிலும் சட்டையிலும் மஞ்சள். நாங்கள் எல்லாரும் மங்களகரமாகத்தான் வளர்ந்தோம். நல்ல விரலாகப் பொறுக்கிச் சாம்பிளில் வைப்பவர்களைப் பார்த்து அப்பாவுக்குக் கோபமே வராது. “பொண்ணு பாக்க வர்றப்ப நாம மட்டும் கிழிஞ்ச பாயையா விரிக்கிறோம்?” என்பார்.

இங்கே வந்த பிறகு அந்தச் சொல் என்னைச் சுற்றிக் குட்டி போட்டுவிட்டது. விடியற்காலையில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனால், தக்காளிப் பெட்டிக்காரர் மேலே இருக்கும் சிவப்புப் பழம் ஒன்றை வெட்டி நீட்டி, “சாம்பிள் தேக்கோ அம்மா” என்பார். என் வீட்டுக்காரர் வாங்கித் தின்றுவிட்டு, பெட்டியின் அடியில் கைவிட்டு இன்னொன்றை உருவுவார். பெட்டிக்காரர், “நக்கோ, நக்கோ” என்று கையைத் தடுத்துப் பதறுவார். இருவருக்கும் இது தினப்படி விளையாட்டு. ஒருநாள் இவர் மேலே இருந்த பழத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு, “உடம்பு சரியில்லையா அண்ணா?” என்று அவர் விசாரித்தார்.

சார்மினார்ப் பக்கம் அத்தர் கடையில் புறங்கையில் ஒரு துளி தடவி சாம்பிள் என்பார்கள். நாலு கடை ஏறி இறங்கினால் நாலு விசேஷத்துக்குப் போய் வந்த வாசனை. வாங்காமலே மணந்துகொண்டு பஸ் ஏறலாம். டெய்லர் கேட்பது அளவு ரவிக்கை. ஆனால் அதையும் “சாம்பிள் பீஸ் தாங்கம்மா” என்றுதான் கேட்பார். டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மாத்திரை அட்டை சாம்பிள். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்த பிறகு, மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் இருக்கும்போது, பரிசோதனை நிலையத்துப் பெண்மணி ஒருவர் கதவைத் தட்டி, “சாம்பிள் சார்” என்பார். கல்யாணச் சமையல்காரரின் ரத்தம் எப்படியிருக்கும்? இனிப்பாகத்தான் இருக்கும்.

ஒருமுறை எங்கள் சமையல் கூடத்துக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். உரிமம் புதுப்பிக்க நான் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். படிவத்தில் தொழிலின் பெயர் என்ற இடத்தில் நான் ‘சாப்பாடு’ என்று எழுதி, அது திரும்பி வந்து, ‘கேட்டரிங்’ என்று எழுதி, எழுத்துப் பிழை என்று மறுபடி திரும்பி வந்தது. அந்த அதிகாரி சாம்பாரைச் சில பாட்டில்களில் ஊற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். எல்லாம் சாம்பிள். பார்த்துக்கொண்டே நின்ற என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. “சார், அதைக் கொண்டு போய்ச் சாப்பிட மாட்டீங்களா?” என்று கேட்டார். அவர், “சாம்பிளைச் சாப்பிடக்கூடாது, சோதிக்கணும்” என்றார். சாம்பார் நல்ல சாம்பார் என்றுதான் முடிவு வந்தது. ஆனால் ஒரு வாய்கூட யார் நாக்கிலும் படாமல் நல்ல பெயர் வாங்கியதில் இவருக்குத் திருப்தி இல்லை. அடுத்த வருஷம் அதே அதிகாரி தன் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு எங்களைத்தான் கூப்பிட்டார். அன்று மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் இவர் மனசு ஆறியது.

3

எங்கள் தொழிலில் சாம்பிள் என்றால் இதுதான். கல்யாண வீட்டார் எங்களுக்கு வேலை கொடுப்பதற்கு முன், வந்து ருசி பார்ப்பார்கள். சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் ஒவ்வொரு பதார்த்தமும் ஒரு கரண்டி வைப்போம். பொரியல், கூட்டு, அவியல், சாம்பார், கொள்ளு ரசம், பாயசம் என்று வரிசை. நடுவில் நாக்கைக் கழுவ வெந்நீர். ஒவ்வொன்றும் முடிந்ததும் என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு பக்கத்தில் நின்று, “உப்பு சரியா இருக்குங்களா? காரம் கூட்டோணுங்களா?” என்று கேட்பார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொள்வேன். முடிந்தது. கிண்ணங்களை எடுத்துவிடுவோம், அவர்கள் கிளம்பிவிடுவார்கள். சாம்பிளில் வெறும் சோறு வைக்கும் வழக்கம் இல்லை. சோற்றில் ருசி பார்க்க என்ன இருக்கிறது?

முதன்முதலில் வந்த தெலுங்குக் குடும்பத்தை மறக்க முடியாது. நாங்கள் நாலு பேரை எதிர்பார்த்தோம். மாமா, சின்ன மாமா, அத்தை, அத்தையின் தோழி என்று ஒரு வேன் வந்து இறங்கியது. “சாலு, சாலு” என்று அவர்கள் கையைக் குறுக்கே நீட்ட, நான் ஏதோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்து மேலும் மேலும் போட்டேன். சாலு என்றால் போதும் என்று அடுத்த வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “இந்த அம்மா போதும்னாலும் விட மாட்டா, நம்ம கல்யாணத்துக்கு இவதான் வேணும்” என்று அன்றே வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மொழி தெரியாதவளைக் கேலி செய்யாமல் வேலை கொடுத்த ஊர் இது. எனக்கு இந்த ஊர்மேல் இருக்கும் பாசம் அந்த வேனிலிருந்துதான் தொடங்குகிறது.

இதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாம்பிளுக்கென்று தனியாகச் சமைக்க மாட்டார். யாருக்காவது விசேஷம் இருக்கும் நாளில்தான் சாம்பிளுக்குக் கூப்பிடுவார். அண்டாவில் கொதிக்கும் சாம்பாரில் ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றுவார். காரணம் நேர்மை என்று வெளியில் சொல்வார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அவருக்குச் சின்னதாகச் சமைக்க வராது. ஆயிரம் பேருக்கு உப்பு போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுவார், கல் அளவு பிசகாது. அஞ்சு பேருக்கு என்றால் அளவே பிடிபடாது. அதனால் வீட்டில் அடுப்பு என் பொறுப்பு. நான் சமைத்ததைச் சாப்பிட்டு, ஒவ்வொரு நாளும், “உப்பு ஒரு கல்லு கம்மி” என்றோ, “ஒரு கல்லு கூட” என்றோ சொல்வது அவர் பொறுப்பு. உப்பு விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. விருந்துக்குப் போன வீட்டில்கூட, “நல்லா இருக்குங்க, உப்புத்தான்…” என்று இழுப்பார். நான் காலை மிதிப்பேன்.

4

எங்களுக்கு ஒரே பெண், நித்யா. பிறந்தது கோபி ஆஸ்பத்திரி, வளர்ந்தது முழுக்க இங்கே. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், கோபம் வந்தால் ஹிந்தி, ஆபீஸ் பேச்சு இங்கிலீஷ். “சாப்பிட்டியா கண்ணு?” என்றால், “ஹவ்ம்மா” என்று இங்கத்து ஹிந்தியில் ஆமாம் போடுவாள். ஊருக்குப் போனால் பெரியப்பா வீட்டில் இவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “ஒரு தெலுங்கு வார்த்தை பேசு பாப்பா” என்று கேட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச காலம் கழித்து அவள் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அவளுக்கு அதுதான் வெளியூர் என்பதை நான் ஏற்றுக்கொள்ள நாளானது.

படித்து முடித்து, தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் சாம்பிள்தான். எங்கிருந்தோ வரும் மண், தண்ணீர். சின்னக் குப்பிகளில் போட்டு, பெயர் ஒட்டி, குளிர்பெட்டியில் வைப்பது. “நம்ம குடும்பத்துக்குச் சாம்பிளை விட்டா வேற பொழப்பே கிடையாதாட்ட இருக்குது” என்று அவள் அப்பா சிரித்தார். அவள் தன் அப்பாவின் பிடிவாதத்தை மட்டும் மெச்சினாள். “அப்பா பண்றதுதான்ம்மா கரெக்ட். நல்லதா பாத்துப் பொறுக்கி எடுத்தா அது சாம்பிளே காது.” இல்லை என்பது அவள் வாயில் தெலுங்கில் காது ஆகிவிடும்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் கிரண். நல்ல பையன், தெலுங்கு வீடு. அவனுடைய அப்பா விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா லலிதா கணக்கு டீச்சராக இருந்தவர். தார்நாகாவில் மரங்கள் சூழ்ந்த சொந்த வீடு. நித்யா ஒரு மாலை காய் நறுக்க வந்து உட்கார்ந்து, ஒரு கத்தரிக்காயையே பத்து நிமிஷம் நறுக்கியபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்களுக்கு மறுப்பு இல்லை. வேற்று மொழி என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை? அந்த மொழியில்தான் சோறு தின்கிறோம். தயக்கம் வந்தது பையன் வீட்டுப் பக்கம்.

“லலிதா ஆன்ட்டி யோசிக்கிறாங்கம்மா” என்றாள் நித்யா. கொஞ்சம் தயங்கி, “சமையல்காரங்க வீட்டுப் பொண்ணான்னு கேட்டாங்களாம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் எங்கள் சாப்பாட்டில் கை நனைக்கிறது, பெண் கொடுக்கல் வாங்கல் என்று வரும்போது கரண்டி பிடித்த கை தாழ்ந்துபோகிறதா என்று அன்று முழுக்கப் புழுங்கினேன். நித்யா ஒன்றில் தீர்மானமாக இருந்தாள். இரண்டு வீடும் மனசாரச் சம்மதித்தால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் தலையணை நனைந்ததை மறுநாள் உறை மாற்றும்போதுதான் பார்த்தேன்.

கடைசியில் லலிதாம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். மதியச் சாப்பாடு இங்கேதான் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். யார் வீட்டுப் பெண் என்று கேட்டீர்கள் அல்லவா, வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று மனசுக்குள் ஒரு வீறாப்பு.

5

அந்த ஞாயிறு முகூர்த்த நாள் இல்லை. சமையல் கூடம் பூட்டிக் கிடந்தது. அண்டாவில் எடுத்து ஊற்ற எதுவும் இல்லை. நான் சமைக்கிறேன் என்றேன். “எம் பொண்ணுக்கு நாந்தான் சமைப்பன்” என்று என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை அவர். விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டார். நான் வீட்டைத் துடைத்து, நித்யாவுக்குப் பூ வாங்கி, கிண்ணங்களைத் தேய்த்து அடுக்கினேன். ஏன் கிண்ணங்களை அடுக்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வருகிறவர்கள் ருசி பார்க்க வருகிறார்கள் என்றால் என் கை தானாகக் கிண்ணத்துக்குத்தான் போகும்.

அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். கிரணின் அப்பாவான பெரியவர் வாசலிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு, “கேட்டரிங் வீட்டுக்குப் போறோம், காலை டிபன் வேண்டாம்னு மூணு பேரும் வெறும் வயித்தோட வந்திருக்கோம்” என்று சிரித்தார். லலிதாம்மா சிரிக்கவில்லை. பருத்திப் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு, கணக்கு நோட்டைத் திருத்துகிற மாதிரிப் பார்வை.

உட்கார வைத்தோம். கிண்ணங்கள் வந்தன. வாழைப்பூப் பொரியல் ஒரு கரண்டி. அவியல் ஒரு கரண்டி. பச்சைப்புளி ரசம், கொள்ளுப் பருப்பு, மோர்க்குழம்பு, சாம்பார், எள்ளுருண்டை, ஒப்பிட்டு என்கிற போளி என்று ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் வெந்நீர். இவர் தோளில் துண்டோடு நின்று, ஒவ்வொரு கிண்ணத்துக்கும், “உப்பு சரிபோயிந்தா அண்டி? காரம் காவாலா?” என்று, உப்பு சரியா, காரம் வேண்டுமா என்பதையே தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தார். அவர்கள் தலையாட்டினார்கள். லலிதாம்மா ஒவ்வொன்றையும் விரல் நுனியில் எடுத்து, மெதுவாகச் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நித்யா எனக்கு எதிரே நின்று கண்ணால் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் புரிந்துகொள்ளவில்லை.

கடைசியாகப் பாயசம் முடிந்தது. நான் வழக்கம்போல் கிண்ணங்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் நின்றோம்.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். “அன்னம்… உந்தா அண்டி?”

சோறு. சோறு இருக்கிறதா என்று கேட்கிறார். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

“சோறு வெக்கலியா அம்மிணி?”

“நீங்கதானுங்க சமைச்சீங்க!”

சமையல் அறைக்கு ஓடினேன். அடுப்பில் ஒரு பருக்கை சோறு இல்லை. குழம்புச் சட்டியில் வழித்தால் ஒரு கரண்டி வரும். எல்லாமே சாம்பிள் அளவு. ஆயிரம் பேருக்கு இலை போட்ட வீட்டில், சம்பந்தம் பேச வந்த மூன்று பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் என் பின்னால் வந்து நின்று, அரிசி மூட்டையைப் பார்த்தபடி, “அஞ்சாறு பேர்த்துக்கு எவ்வளவு போடறது?” என்று முனகினார். கண் கலங்கியிருந்தது. என் பெண்ணின் கல்யாணம் அந்த வெறும் பானையோடு முடிந்தது என்று நினைத்தேன்.

யாரோ என்னை மெதுவாக நகர்த்தினார்கள். திரும்பினால் லலிதாம்மா. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். “பிய்யம் எக்கட?” என்றார். அரிசி எங்கே என்று கேட்கிறார். கை காட்டினேன். அரிசியை டம்ளரில் அளந்து போட்டார். துவரம் பருப்பு எங்கே, தக்காளி எங்கே, குக்கர் எங்கே என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். பருப்பில் இரண்டு தக்காளியை வெட்டிப் போட்டு, விசில் வந்ததும் கடைந்து, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினார். அரை மணி நேரத்தில் சோறும் பப்பும் தயார். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டு நின்றேன். என் சமையலறையில் நானே எடுபிடி.

தரையில் பாய் விரித்தோம். பசியில் யாரும் மரியாதை பார்க்கவில்லை. இவர் மட்டும் பழக்கதோஷத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். லலிதாம்மா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“மீரு கூட கூர்ச்சோண்டி அண்ணய்யகாரு.”

நீங்களும் உட்காருங்கள் அண்ணா என்று சொல்கிறார். வந்ததிலிருந்து “சார்” என்றவர், இப்போது அண்ணா என்கிறார். நித்யாவின் கை என் கையைத் தேடி வந்து பிடித்தது. இவர் உட்கார்ந்தார். விருந்தாளிகள் இருக்கும்போது இவர் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. லலிதாம்மா சோறு போட்டு, பப்பு ஊற்றி, நெய் விட்டார். இவர் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

“உப்பு சரிபோயிந்தா அண்ணய்யா?” என்று கேட்டார் லலிதாம்மா.

நான் அதற்குள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டேன். உப்பு குறைவு. ஒரு கல் இரண்டு கல் இல்லை, நன்றாகவே குறைவு. எனக்குத் தெரிந்தால் அவருக்குத் தெரியாதா? காலை மிதிக்க எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தார். சாமி, இந்த மனுஷன் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

இவர் நிதானமாக மென்று விழுங்கினார். “கரெக்ட்டா சரிபோயிந்தி” என்றார். தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு இன்னும் ஒரு தடவை கேட்டார்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒரு வாரம் கழித்து, நாள் குறிப்பதற்காக லலிதாம்மா போனில் பேசும்போதுதான், என்னை அண்ணி முறை வைத்து வதினா என்று கூப்பிட்டு, மனசைத் திறந்தார். “வதினா, நான் ஸ்கூலுக்கு ஓடின பொம்பளை. முப்பொழுதும் பப்பு, சாரு, ஊறுகாய், அவ்வளவுதான் என் சமையல். சமையல்காரங்க வீட்டுப் பொண்ணு வந்தா, என் கைச் சாப்பாட்டை வாயில வைப்பாளான்னு பயந்தேன். ஆயுசு முழுக்க என் பப்புக்கு மார்க் போடுவாங்களேன்னு பயம்.”

அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் எத்தனை நாள் புழுங்கினேன். பயந்தது அவர்.

6

கல்யாணம் தை மாதம். தன் மகள் கல்யாணத்துக்குத் தானே சமைப்பேன் என்று இவர் கிளம்பினார். லலிதாம்மா விடவில்லை. “நீங்க அடுப்புக்கிட்ட நின்னா, மாப்பிள்ளை காலைக் கழுவறது யாரு?” என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார். வேறு ஆளைத்தான் ஏற்பாடு செய்யவேண்டும் என்று தீர்ப்பாகி, அவர் விசாரித்துச் சொன்ன கேட்டரிங்காரர்தான் போன வாரம் எனக்குப் போன் செய்தவர்.

இன்று இரண்டு வீட்டாரும் சாம்பிளுக்குப் போயிருந்தோம். குளிர்சாதன அறை, கண்ணாடி மேஜை, பீங்கான் கிண்ணங்கள். வரவேற்ற ஆள், “பெண் வீட்டார் இந்தப் பக்கம், பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம்” என்றார். லலிதாம்மா, “மேமு ஒகே பார்ட்டி” என்று, நாங்கள் ஒரே கட்சி என்று சொல்லி எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

இவர் கிண்ணங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். இது எங்களுக்கென்று தனியாகச் சமைத்ததா என்று விசாரித்தார். “உங்களுக்காகவே ஸ்பெஷல் சார்” என்று அந்த ஆள் பெருமையாகச் சொல்ல, இவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் முறைப்படி சாம்பாரை ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டார்.

“உப்பு எப்படி சார்?”

“கம்மி” என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல். அடுத்த கிண்ணத்துக்கும் அதையே சொன்னார். மூன்றாவதில் புளி பச்சை வாசம் அடிக்கிறது என்றார். அந்த ஆள் வேர்த்துப்போய் உள்ளே ஓடினார்.

லலிதாம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்துத் திரும்பினார். “அண்ணய்யா, நிஜம் செப்பண்டி. அன்னைக்கு என் பப்புல உப்பு?”

நான் மேஜைக்கடியில் காலைத் தேடினேன். எட்டியது. மிதிக்கவும் செய்தேன். இவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“கம்மிதானுங்க” என்றார்.

“அப்ப ஏன் சரியா இருக்குன்னு சொன்னீங்க?”

இவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னார்: “அதி சாம்பிள் காதம்மா. மன இண்ட்லோ போஜனம்.”

அது சாம்பிள் இல்லை அம்மா, நம்ம வீட்டுச் சாப்பாடு.

லலிதாம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் தட்டில் இருந்த ஒப்பிட்டைப் பிய்த்து, பெரிய பாதியை இவர் தட்டில் வைத்தார். நெய்யும் வெல்லமுமாக மினுமினுத்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடுங்கள் என்று நான் தலையாட்டினேன். நாளைக் காலையில் ரத்தச் சாம்பிள் எடுக்க ஆள் வரும். வரட்டும்.